இரண்டு விண்ணப்பமும் ஒரே கையெழுத்தும்

“பிள்ளை, நீர் முழந்தாளிலை நிண்டு அந்தோனியாரைக் கேளும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா இந்த ஊர் ஆக்கள் பெட்டிசம் எழுதுற வேகத்துக்கு, அவராலையும் ஒரு சுவாமியைக் கொண்டுவந்து விட ஏலாது.”

எங்கள் கோயிலில் மணியடித்து விளக்கேற்றும் சந்தியாப்பிள்ளை அண்ணை இப்படிச் சொன்னது சென்ற ஆண்டு, உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமையில். சொல்லிவிட்டு என் வலது கையைப் பார்த்தார். பார்த்தார் என்று எனக்குப் பட்டது. அந்த நாட்களில் எவர் என்னைப் பார்த்தாலும் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்குக் காரணம் இருந்தது.

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. கீழ்க்கரை, மேற்கரை என்று இரண்டு பகுதி; இரண்டுக்கும் ஒத்துவராது. பங்குக் குருவாயிருந்த பழைய சுவாமி நோயாகிப் போனபின் எட்டு மாதம் எங்களுக்குச் சுவாமி இல்லை. பக்கத்துப் பங்குச் சுவாமி இரண்டு ஞாயிறுக்கு ஒரு தடவை சைக்கிளில் வந்து பூசை வைப்பார். லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்த புதிது. வாய் நிறையப் பதில் சொல்ல ஆசைப்பட்ட சனம், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. என் அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். மூச்சு முட்டும்போதெல்லாம், சாகும் வேளையில் சுவாமி பூசும் எண்ணெயை நினைத்து ஒன்றையே சொல்லுவா: “அவஸ்தை எண்ணெய் பூசாமல் என்னை அனுப்பிப்போடாதையுங்கோ.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐயா இன்றைக்கும் பெருவிரல்தான் வைப்பார். நான் ஜி.சி.ஈ. பரீட்சையில் சித்தியடைந்தவள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. ஆகவே கீழ்க்கரை மூப்பர் சூசைப்பிள்ளை இரகசியமாக வந்து, யாழ்ப்பாணத்து ஆயர் ஆண்டகைக்கு ஒரு விண்ணப்பம், ஊர்ப்பேச்சில் பெட்டிசம், எழுதித் தரச் சொன்னபோது மகிழ்ந்துபோனேன். எங்கள் கரையை அறிந்த, வயதான சுவாமி வேண்டுமாம். மேற்கரை ஆட்கள் கேட்பதைக் கேட்கவேண்டாமாம். மூன்று நாள் கழித்து, வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான மேற்கரைச் சம்மாட்டி இன்னாசியும் வந்தார். அவருக்கு இளம் சுவாமி வேண்டும். கீழ்க்கரை ஆட்கள் சொல்வதை நம்பவேண்டாமாம். இருவரும் “ஒருத்தருக்கும் சொல்லாதையும்” என்றார்கள். நான் சொல்லவில்லை. இரண்டையும் எழுதினேன். ஊரில் இரண்டு கரையும் என்னிடம்தான் வரவேண்டியிருக்கிறது என்ற நினைப்பில் என் அழகான எழுத்தில் எழுதினேன்.

அடுத்த பூசையில் பக்கத்துப் பங்குச் சுவாமி பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “உங்கடை ஊரிலையிருந்து ஆண்டகைக்கு ரெண்டு விண்ணப்பம் போயிருக்கு. ஒண்டு மற்றதைப் பொய் எண்டுது. ரெண்டும் ஒரே கையெழுத்து. ஆரோ விளையாடினம் எண்டு ஆண்டகை ரெண்டையும் ஒதுக்கி வைச்சிட்டார். இப்போதைக்கு உங்களுக்குச் சுவாமி இல்லை.”

ஆண்கள் பக்கத்தில் இரண்டு தலைகள் மட்டும் பெண்கள் பக்கம் திரும்பின. சூசைப்பிள்ளை மூப்பர் ஒன்று. இன்னாசிச் சம்மாட்டி மற்றது. இருவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் என்னைக் காட்டிக்கொடுத்தால் தங்கள் விண்ணப்பமும் வெளியே வரும். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதன்பின் ஊரில் ஒருவரும் ஒருவரை நம்பவில்லை. யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் யார் ஏறினாலும், “எங்கை போறாய், ஆண்டகையிட்டையோ?” என்று கேட்டார்கள். தபாற்காரர் எந்த வீட்டில் நின்றார் என்று படலைக்குப் படலை கதை. கீழ்க்கரைப் பெண்கள் வந்தால் மேற்கரைப் பெண்கள் கிணற்றடியில் பேச்சை நிறுத்துவார்கள். நானோ எல்லாரையும் சந்தேகித்தேன். மூப்பர் மனைவியிடம் சொல்லியிருப்பாரோ? சம்மாட்டி குடித்துவிட்டு உளறுவாரோ? சந்தியாப்பிள்ளை அண்ணைக்கு யார் சொன்னது?

அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் பிடித்தேன். என்ன கேட்டேன் என்று இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். சுவாமி வேண்டும் என்று கேட்கவில்லை. நான் எழுதியது வெளியே தெரியக்கூடாது என்று கேட்டேன். முதல் ஆறு நாளும் அதுதான் என் செபம்.

ஏழாம் நாள் அம்மாவுக்கு மூச்சு மிகவும் முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்துவிட்டு மெழுகுதிரி கொளுத்தினேன். அம்மா என் சீலையைப் பிடித்தா.

“பிள்ளை, எனக்குச் செபம் சொல்ல மூச்சில்லை. நீ அந்தோனியாரிட்டை என்னத்தைக் கேக்கிறாயோ, அதையே எனக்கும் சேர்த்துக் கேள்.”

நெருப்புக்குச்சி என் விரலைச் சுட்டது. சாகக்கிடந்த என் தாயையும் என் பொய்க்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் அழுது, உண்மையாகச் செபித்தேன். “எனக்கு எது வந்தாலும் வரட்டும், எங்களுக்கு ஒரு சுவாமியைத் தாரும்.”

அடுத்த நாள் ஞாயிறு. பூசை இல்லாத ஞாயிறு. சந்தியாப்பிள்ளை அண்ணை செபமாலை சொல்லி முடித்ததும் எழுந்து நின்றேன்.

“ரெண்டு கடிதமும் நான்தான் எழுதினனான். ஆர் எழுதச் சொன்னவை எண்டு சொல்லமாட்டன்.”

பின்னால் ஒரு பெண், “படிச்ச திமிர்,” என்றா. அது சரியான சொல். இனி ஊரில் தலைநிமிர ஏலாது என்று நினைத்தேன். அப்போது இன்னாசிச் சம்மாட்டி எழும்பினார். “ஒண்டு எனக்கு எழுதினது.” சூசைப்பிள்ளை மூப்பர் தரையைப் பார்த்தபடி, “மற்றது எனக்கு,” என்றார்.

சந்தியாப்பிள்ளை அண்ணை செபமாலையை மடியில் கட்டினார். “அப்ப ரெண்டு கரைக்கும் எழுத ஒரு ஆள் போதுமெண்டால், பூசை வைக்கவும் ஒரு சுவாமி காணும்தானே.”

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

அங்கேயே ஒரு விண்ணப்பம் எழுதினேன். வயது சொல்லவில்லை, குணம் சொல்லவில்லை. ஒரு சுவாமி என்று மட்டும் கேட்டோம். யார் முதலில் ஒப்பம் வைப்பது என்று மறுபடி சண்டை வந்தது. முதல்நாள் சனிக்கிழமை வள்ளங்கள் கரைசேர்ந்த ஒழுங்கில் வைக்கலாம் என்று யாரோ சொல்ல அடங்கியது. மூப்பரும் சம்மாட்டியும் ஒன்றாகவே பஸ் ஏறினார்கள். ஒருவர் மடியில் கடிதம், மற்றவர் மடியில் உறை. நம்பிக்கை அவ்வளவுதான் வந்திருந்தது. தேவனுக்கு அது போதுமாயிருந்தது.

ஆனி மாதம் புதிய சுவாமி வந்தார். பெட்டியை இறக்கிவைத்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எண்ணெய் பூசினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தா. பிறகு எழுந்திருந்து, “கொஞ்சம் கஞ்சி தா,” என்றா. இன்றைக்கும் இருக்கிறா. இதை நான் தற்செயல் என்று சொல்லமாட்டேன்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, என் சந்தேகப் புத்தி முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் பொய். சுவாமி எந்தக் கரை வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கிறார் என்று இன்னும் கண் போகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லுவேன்: செய்ததை மறைத்துத் தரும்படி கடவுளிடம் கேட்காதேயுங்கள். வேண்டியதைக் கேளுங்கள். அவர் தருவார்.

போன கிழமை ஒருவர் பின் வேலியால் வந்து, இரகசியமாக ஒரு கடிதம் எழுதித் தரக் கேட்டார். ஞாயிறு பூசை முடிய வாருங்கள் என்றேன். ஒரு மேசையும் கதிரையும் தூக்கிவந்து கோயில் வாசலில் போட்டேன். அவர் வந்தார். எழுதினேன், சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் ஒப்பம் வைத்ததும், அடியில் ‘எழுதியது’ என்று என் பெயரையும் எழுதினேன். திங்கட்கிழமை நானே அதைத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டேன்.