அக்கா ஊற்றிய தண்ணீர்

என் கணவர் எங்களை எல்லாம் தமிழ்ப் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போவார். தான் மட்டும் மாதாகோவிலுக்குள் வரமாட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆங்கிலேயர்கள் தங்கள் பூசைகளை முடித்த பிறகு, மத்தியானத்தில் அந்தக் கோவிலை எங்களுக்குத் தருவார்கள். தெற்கு லண்டனில் நாங்கள் இருந்த சட்டனிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாறவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தால் வந்ததுதான், வராவிட்டால் கேட்பார் இல்லை. ஆகவே கிழமை நாட்களில் தமிழ்க் கடைகளுக்கு வெங்காயமும் கருவாடும் இறக்குகிற தன் பழைய வான் வண்டியைச் சனிக்கிழமை பின்னேரம் கழுவி, கழற்றி வைத்த சீட்டுகளைத் திரும்பப் பூட்டுவார். எவ்வளவு கழுவினாலும் கருவாடு போகாது. பட்டுச்சேலையும் கருவாட்டு மணமுமாகத்தான் நாங்கள் ஆண்டவரின் சந்நிதிக்குப் போய்வந்தோம்.

அவர் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் இடதுசாரிகளோடு சேர்ந்து கடவுளைக் கைகழுவியவர். "சிவனையும் விட்டனான், உங்கடை ஆளையும் பிடிக்கேல்லை. என்னட்டை ஓரவஞ்சனை இல்லை" என்பார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவில் தேருக்கும் அதே வான் போகும். அங்கேயும் அவர் வாசல்வரைதான். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுக்கவில்லை. இரண்டு பேரையும் கையில் ஏந்திவந்து, கோவில் வாசலில் என்னிடம் தந்துவிட்டு, வானுக்குப் போய்ப் பேப்பர் விரித்தார்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சனம் வந்து குவிந்தபோது எங்கள் வீட்டுப் போன் ஓயவில்லை. ஹீத்ரோவில் மறித்து வைத்த பெடியனுக்காக லோயரிடம் மொழிபெயர்க்க வேண்டும். கவுன்சில் ஹோட்டலில் ஒரே அறைக்குள் போட்ட குடும்பத்துக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். உறவென்று யாருமில்லாமல் செத்துப்போன ஒருவரைக் குளிப்பாட்டி வேட்டி கட்டிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் அவர் போவார். புனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். உதவி கேட்டு வந்தவனை நேரம் பிந்தியதற்காக நடுத்தெருவில் வைத்துத் திட்டுவார். நன்றி சொன்னால் இன்னும் கோபம் வரும். திட்டித் தீர்த்துவிட்டு வானை ஸ்டார்ட் பண்ணுவார்.

எனக்கு மோட்சம் என்பது பிரசங்கத்தில் வருகிற சொல் அல்ல. அது ஓர் இடம். லண்டனில் ஹரோ எப்படி இருக்கிறதோ அப்படி இருக்கிறது. அங்கே நான் போவேன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அவர் இருக்கமாட்டார் என்ற பயமும் இருந்தது. செயல் இல்லாத விசுவாசம் உயிரில்லாதது என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். விசுவாசம் இல்லாத செயலுக்கு என்ன கதி என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலேயர்களுக்கு இது புத்தகம் வாசித்து ஆராய்கிற விஷயமாக இருக்கலாம். எனக்கு வீட்டுப் பிரச்சினை. பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு படுத்திருக்கிற மனிதரின் பிரச்சினை.

ஒருமுறை செபக்கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டேன். கூட்டத்தை நடத்துபவர் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். யோசிக்காமல் பதில் சொன்னார். "பூச்சியத்தை எத்தினை தரம் எழுதினாலும் பூச்சியம்தான், தங்கச்சி. முன்னுக்கு ஒண்டு வேணும். விசுவாசம்தான் அந்த ஒண்டு." எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் என் கணவரின் வானில் வந்திறங்கியவர்கள். திரும்பிப் போகவும் அதே வானுக்குத்தான் காத்திருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பதில் தெரியாததால் அந்த ஆத்திரம் இரட்டிப்பானது.

எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார். "கணக்குச் சரிதான். ஆனால் உங்கடை ஆக்கள் கனபேர் முன்னுக்கு ஒண்டை மட்டும் எழுதிவைச்சிட்டு, பின்னாலை ஒண்டும் போடாமல் இருக்கினமே."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வான் நிறைய உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிய ஒரு காலையில் அவருக்கு நெஞ்சு நொந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அடுத்த நாளே ஒப்பரேசன் என்றார்கள். பிழைப்பாரா என்று கேட்டேன். பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள் என்று டொக்டர் சொன்னார். 'பெரும்பாலும்' என்ற அந்தச் சொல்லோடு நான் வார்டுக்கும் கன்டீனுக்குமாக நடந்தேன். செபமாலையை எடுத்தால் பாதியில் மணி தவறியது. அவர் செத்துவிடுவாரோ என்பது பாதிப் பயம். செத்தால் எங்கே போவார் என்பது மீதிப் பயம்.

ரெய்னர்ஸ் லேனில் இருந்த என் அக்கா லண்டனைக் குறுக்கே கடந்து வந்துசேர்ந்தார். அக்கா ஊரில் முதல்நன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிற ஞானோபதேச ரீச்சராக இருந்தவர். மரண ஆபத்தில் இருப்பவருக்குக் குருவானவர் இல்லாவிட்டால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நெற்றியில் தண்ணீர் ஊற்றி மூன்று திருநாமங்களையும் சொன்னால் போதும். இதை எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கியவர் அவர். ஒருமுறைகூடச் செய்து பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. கைப்பையில் லூர்து தண்ணீர் இருந்தது. வேனிற்காலத்தில் பிரான்சிலுள்ள லூர்து மாதா கோவிலுக்குக் கோச் பஸ்ஸில் போய், மாதா வடிவப் பிளாஸ்டிக் போத்தலில் எல்லாரும் பிடித்துவந்த தண்ணீர். நான் வீட்டில் பிள்ளைகளோடு பேசப் போன் பெட்டிக்குப் போயிருந்தேன். என் கணவருக்கு மருந்து கொடுத்து நித்திரையாக்கியிருந்தார்கள். அக்கா கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினார்.

நான் திரும்பி வந்தபோது தாதி தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். அவருடைய முன்மயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அக்கா என் காதோடு சொன்னார்.

"செய்துபோட்டன். இனி நீ பயப்பிடாதை."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன பயன்? எத்தனையோ வருடங்களாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி எடுத்ததுபோல இருந்தது. அவரை ஒப்பரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு மணியும் தவறாமல் செபமாலை சொன்னேன்.

அவர் பிழைத்தார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. சாகப்போகிறவருக்கென்று கொடுத்த ஞானஸ்நானம். ஆள் எழுந்திருந்து ரொட்டி கேட்கிறார். அக்காவுக்கு அப்போதுதான் மற்றப் பாடங்களும் ஞாபகத்துக்கு வந்தன. ஞானஸ்நானம் பெற்றவர் ஞாயிறு பூசையைத் தவறவிட்டால் அது சாவான பாவம். முன்பு இந்த மனிதருக்கு அந்தப் பாவம் இல்லை. வானுக்குள் இருந்து நிம்மதியாகப் பேப்பர் வாசிக்கலாம். இப்போது வாசித்தால் நரகம். மோட்சத்துக்கு அனுப்பப்போய் அக்கா அவரை முன்பிருந்ததைவிட மோசமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று சைவக்காரர் சொல்வது எங்களுக்கும் பொருந்தும்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு, அக்கா ஒரு செபமாலையோடு வந்து, அவர் முன்னால் இருந்து, எல்லாவற்றையும் சொன்னார். "இனி நீங்கள் உள்ளை வரத்தான் வேணும், தம்பி. வெளியிலை இருந்தால் பாவம் உங்களுக்கு."

அவர் சிரிப்பார், பகிடி விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவருடைய முகம் கறுத்துப்போனது.

"நான் நித்திரையாக் கிடக்கேக்கையோ?"

"உயிருக்கு ஆபத்தெண்டுதானே, தம்பி..."

"அக்கா, ஆமிக்காரன்ரை முகாமிலை நினைவில்லாமல் கிடந்த பெடியன்ரை பெருவிரலைப் பிடிச்சு வாக்குமூலத்திலை வைச்சவங்கள் எண்டு நான்தான் லோயருக்கு மொழிபெயர்த்தனான். அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

அக்கா அழுதார். என் கணவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, மேலே திட்டவும் இல்லை. என் பக்கம் திரும்பி, "இதை எடுத்துவிடச் சொல்லும்" என்றார். அது எடுக்க முடியாத முத்திரை என்று அக்கா விம்மலுக்கு நடுவில் சொன்னார். அதையும் அவரே எத்தனையோ பேருக்குப் படிப்பித்திருக்கிறார்.

அந்த நாட்களில் வீட்டில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தேன். அவர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தண்ணீர் செல்லுபடியாக வேண்டும் என்று ஆசைப்பட்டதும் நான்தான். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்து மல்லுக்கட்டின. கடைசியில், அடுத்த தமிழ்ப் பூசைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், பூசை முடிந்ததும் சுவாமியாரைப் பிடித்தேன். மன்னார்ப் பக்கத்து வயதான குருவானவர். நான் சொல்லி முடிக்கும்வரை திருவுடையைக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"வளர்ந்த மனிசன் விரும்பாமல் ஊத்தினால் அது வெறும் தண்ணி, பிள்ளை. ஒண்டும் நடக்கேல்லை. உம்மடை அக்காவுக்குச் சொல்லும், பயப்பிட வேண்டாமெண்டு."

ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவு சுலபமாக. கல் திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தது.

"அப்ப அவர் செய்த நன்மையெல்லாம், சுவாமி? அது கணக்கிலை இல்லையோ?"

"தன்ரை குற்றமில்லாமல் ஆண்டவரை அறியாமல், மனச்சாட்சிப்படி நடக்கிறவைக்கு வழி இருக்கெண்டு திருச்சபை சொல்லுது."

"அவர் அறியாதவர் இல்லையே. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன்."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவருக்கு வழி இருந்திருக்கும். சுவாமியார் திருவுடையைக் கழற்றி மடித்தார். "நீர் சொன்னனீர். அவருக்குக் கேட்டதோ எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கடவுளோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். மழையில் சனம் நனையக்கூடாது என்று வாசலோடு வானைக் கொண்டுவந்து நிறுத்துகிற மனிதர் உமக்கு என்ன குறை செய்தார் என்று கேட்டேன்.

வீட்டில் அவர் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பாரம் தூக்கவேண்டாம் என்றுதான் டொக்டர் சொன்னாராம், வெங்காயம் பாரமில்லையாம்.

"வெறும் தண்ணியாம்" என்றேன். "சுவாமி சொல்லிப்போட்டார். நீங்கள் பழைய ஆள்தான்."

"சுவாமி நியாயமான மனிசன்" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்தார். "உமக்கு என்ன?"

"எனக்குக் கொஞ்ச நாள் நிம்மதியாய் இருந்தது. உங்களிட்டைக் களவெடுத்த நிம்மதிதான். எண்டாலும் இருந்தது."

கதிரையில் இருந்து அழுதேன். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அப்ப செய்வம். அடுத்த தமிழ்ப் பூசைக்கு நான் உள்ளை வாறன். சுவாமி ஊத்தட்டும். இந்தமுறை முழிச்சிருப்பன்."

"விசுவசிக்கிறீரோ எண்டு கேப்பார்."

"ஓம் எண்டுவன்."

"பொய்யாகவோ?"

"உமக்காக."

லோயர் முன்னால் யாருடைய உயிருக்காகவும் ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லாத மனிதர். எனக்காகக் கடவுள் முன்னால் பொய் சொல்லத் தயாராக இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டது இதுதான். இப்போது கோப்பையில் போட்டு முன்னால் வைத்திருக்கிறார். நம்பிக்கை இல்லாமல் தலையைக் குனிந்தால் அதுவும் அவருடைய இன்னொரு நல்ல காரியமாகத்தான் இருக்கும். இருக்கிற பூச்சியங்களோடு இன்னொரு பூச்சியம்.

"வேண்டாம்" என்றேன்.

அவர் எழுந்து வெங்காயத்துக்குப் போகவில்லை. பிறகு, பகிடிக்கு இல்லாமல், பஸ் நேரம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"உம்மட்டை இருக்கிற நம்பிக்கை ரெண்டு பேருக்குக் காணாதோ?"

பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அது எனக்கு ஒருத்திக்காவது போதுமா என்று அன்றைக்குவரை நான் பார்த்ததே இல்லை.