காலை பத்து மணிக்கு ஒரு பிரசவம்

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். என் அக்காவுக்கு முதல் பிரசவ வலி ஆறரைக்கு வந்தது. காவலுக்கு நின்றவர் போலீஸ் சார்ஜனைக் கேட்க வேண்டும் என்றார். சார்ஜன் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். விடிந்த பிறகு அனுமதி வந்தது. அதற்குள் குழந்தை பிறந்து, இறந்தும் போயிருந்தது.

இரண்டாம் முறை எட்டு மாதம் முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஆபீஸுல கணக்கெழுதுற பெரிய கிராணி வீட்டம்மாவுக்கு வயித்த அறுத்துத்தானே எடுத்தாங்க? காலையில போனாங்க, மத்தியானம் புள்ள. எனக்கும் அப்படியே செய்யச் சொல்லி எழுதிக் குடுடா தம்பி."

"அதெல்லாம் நாமளா கேக்கிறதாக்கா?"

"வலி வர்ற நேரம் என் கையில இல்ல. கத்தி வைக்கிற நேரத்த மனுசன்தானே சொல்றான்?"

"சட்டை தைக்கக் குடுக்கிற மாதிரி பேசுறாளே!" என்று அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, தலையில் கைவைத்துக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் இங்கிலீஷ் படித்தவன் நான். ஆனால் எனக்கு எழுதத் தெரிந்த ஒரே கடிதம் பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பம். அந்த அமைப்பிலேயே, என் அக்காவின் வயிற்றை வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அறுத்துத் தருமாறு மிகுந்த பணிவுடன் எழுதினேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"ஆபத்து எண்டாத்தான் அறுக்கிறது, பிள்ளை. நேரம் பார்த்து இல்லை."

"கேட்டு பூட்டியிருக்கிறது ஆபத்து இல்லீங்களா?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். வலி இருந்தால்தான் அந்த ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும். சீட்டில் 'வலி' என்று எழுதிவிட்டு, "ஆரும் கேட்டா நோகுது எண்டு சொல்லும்," என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் டாக்டர்கள் சுற்றி வரும்போது அக்கா முனகினாள். அவர்கள் போனதும் எழுந்து கஞ்சி குடித்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் நான் பார்க்கப் போயிருந்தபோது உண்மையான வலி வந்து அலறினாள். வார்டு நர்ஸ் மிஸ்ஸி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சும்மா இரும்மா. டாக்டர் எல்லாம் காலையிலேயே வந்துட்டுப் போயாச்சு."

"இது நெசம் மிஸ்ஸி!"

"நேத்தும் நெசம்னுதான் சொன்ன."

நான் ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். கத்திக்கு வேலையே இல்லாமல் பெண் குழந்தை பிறந்து, வார்டு அதிர அழுதது. என்னை உள்ளே விட்டதும் அக்கா கேட்டாள்:

"மணி என்னடா?"

"நாலேகால்."

"அப்ப ஏன் நிக்கிற? ஆறுக்குள்ள உள்ள போயிடு. உங்க மாமா கிட்ட புள்ள அழுதுச்சுன்னு சொல்லு. அத முதல்ல சொல்லு."

குழந்தையின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன்.