மிதிப்பதற்குப் போட்ட கல்

மாமனார் மறுபடியும் வழுக்கி விழக்கூடாது என்பதற்காகத்தான் வாசலில் சிமென்ட் கல் பாவினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோரும், கல்லைக் கண்ணால் பார்த்த அன்றைக்கே இதை மறந்துவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், கோட்டைக்குள் இருந்த அக்ரஹாரத்து வரிசை வீட்டை விட்டு, சற்றுத் தள்ளி மதிலும் கேட்டும் வைத்த ஒரு சின்ன வீட்டுக்கு வந்திருந்தோம். கேட்டிலிருந்து படி வரைக்கும் வெறும் செம்மண். வந்த முதல் மழையிலேயே மாமனார் அதில் சறுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டு மாசக்கணக்கில் கிடந்தார். எழுந்து நடந்ததே பெரிது என்றார் டாக்டர். இன்னொரு தடவை விழுந்தால் அப்புறம் கட்டிலோடுதான் என்றும் சொன்னார். மாமனாரிடம் இதைப் பேசிப் பயனில்லை. விடியற்காலையில் கோவிலுக்குப் போய்த் தொழாமல் அவருக்குப் பொழுதே விடியாது. கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றால் கோபம் வரும். "கைத்தடி இருக்கோல்லியோ, போரும்" என்பார்.

கரமனைப் பக்கம் ஒரு பட்டறையில் சிமென்ட் கல் வார்த்து விற்றார்கள். இரண்டு தினுசு இருந்தது. ஒன்றில் மேலே வரிவரியாகக் கீறல், இன்னொன்று வழுவழுவென்று இழைத்தது. கீறல் போட்டதில்தான் கால் நிற்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதையே எடுத்துவிடலாம் என்றேன். அம்மாவைக் கேட்காமல் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூட வாங்காத என் கணவர், சாம்பிள் காட்ட வேண்டும் என்று இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து ஆட்டோவில் ஏற்றினார். "இது லோரி அல்ல சாரே" என்று டிரைவர் வீடு வரைக்கும் மலையாளத்தில் முனகிக்கொண்டே வந்தார். ஒரு கல் என் மடியில் இருந்தது.

மாமியார் இரண்டையும் படியோரம் வைக்கச் சொன்னார். அரைத்த அரிசிமாவில் துணியைத் தோய்த்து, விரலிடுக்கில் இழை விட்டுப் பார்த்தார். கீறல் கல்லில் இழை கோணிக்கொண்டு போயிற்று. வழுவழுக் கல்லில் தாமரை அச்சடித்த மாதிரி விழுந்தது.

"இதாக்கும் கல்லு" என்றார்.

"அப்பா வழுக்கி விழப்டாதுன்னுதானேம்மா கல்லே போடறோம்?" என்றேன் நான்.

"வழுக்கறதுக்கு இதிலே எண்ணெயா தடவியிருக்கு? கோலம் நிக்காத வாசலும் ஒரு வாசலா? பாக்கறவா சாவு விழுந்த ஆத்து வாசல்னு நெனைப்பா."

கணவர் கீறல் கல்லைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல் பதிக்க வந்த மேஸ்திரி நாகர்கோவில் பக்கத்துக்காரர். மணல் பரப்பி, நூல் பிடித்து, இரண்டு கல் அகலத்துக்குப் பாதையைப் பாதிவரை கொண்டுவந்துவிட்டு, மார்த்தாண்டத்தில் மச்சினிக்குக் கல்யாணம் என்று போனார். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, அவருக்கே காய்ச்சல் வந்து போனபிறகு திரும்பினார். ஒருவழியாக முடித்தபோது நடுவில் ஒரு கல் ஆடியது. கேட்டேன். "ஒரு கொழப்பமும் இல்லம்மா. மழ பெய்ஞ்சா தானா இறுகிரும்" என்றார். மழை பெய்தது. கல் இறுகவில்லை. மிதித்தால் அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீச்சியடித்துப் புடவையை நாசம் பண்ணியது.

அந்த ஊர் மழையில் சும்மா நிற்கிற சுவரே பச்சையாகிவிடும். நாங்களோ தினமும் அந்தக் கல்லில் சாணம் தெளித்து, அதன்மேல் அரிசிமாவில் இழைக்கோலமும் போட்டோம். பாசிக்கு இலை போட்டுப் பந்தி பரிமாறியதுபோல் ஆயிற்று. ஒரு நாள் காலை பார்க்கிறேன், முந்தின நாள் கோலம் மழையில் கரைந்துபோயிருக்கிறது, ஆனால் அது இருந்த இடத்தில் அதே தாமரை, இதழுக்கு இதழ், பச்சைப் பாசியில் எழும்பி நிற்கிறது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "லக்ஷ்மி வந்து உக்காந்திருக்கா" என்றார்.

அன்றிலிருந்து கல்லைத் தேய்ப்பது என் வேலை. தேங்காய்மட்டை, சுண்ணாம்பு, சோடா உப்பு, கடைசியில் ஆரியசாலையில் வாங்கிய பிளீச்சிங் பவுடர். பாதையை எல்லாம் தேய்க்கலாம், தாமரையை மட்டும் தொடக்கூடாது என்று உத்தரவு. போதாக்குறைக்குத் தாழ்வாரத்தில் தினமும் சேற்றுக் கால் தடம். பால்காரர்தான் மதிலோரமாக வந்து மிதித்துவிட்டுப் போகிறார் என்று நினைத்து அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவர் பாவம், கேட்டுக்கு வெளியே நின்றே பால் ஊற்றத் தொடங்கினார்.

ஆடி மாதம், சோவென்று மழை. காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் மதிலைத் தடவிக்கொண்டு, மாமனார் சேற்றில் நடந்துபோகிறார். பக்கத்தில் கல்பாதை காலியாகக் கிடக்கிறது. நான் ஓடிப்போவதற்குள் தடி வழுக்கியது. இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து மதிலோடு சாய்த்துக்கொண்டேன்.

"கல்லு போட்டிருக்கே அப்பா. ஏன் அதிலே நடக்கலை?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கோலத்தெ மிதிச்சுண்டு கோவிலுக்குப் போறதா? தாமரைன்னா இருக்கு."

"அப்போ இத்தனை நாளும்?"

"இப்படித்தான்."

பழைய வீட்டில் கோலம் தெருவில் இருந்தது, சுற்றிக்கொண்டு போக இடமும் இருந்தது. இங்கே இரண்டு கல் அகலத்தையும் அடைத்துக் கோலம். சுற்றிப் போக வேண்டுமென்றால் சேறுதான். அவரை ஈஸிசேரில் உட்கார வைத்துவிட்டு, சுத்தியலையும் உளியையும் கொண்டுவந்து கணவர் முன்னால் போட்டேன். நல்லவேளையாக அன்று ஞாயிற்றுக்கிழமை.

"அம்மாவை ஒரு வார்த்தை..."

"கொத்துங்கோ."

மழை விட்டதும் அவர் கொத்தினார். தாமரை தெறித்துப் போய், அம்மிபோல் முகம் முழுக்கப் பொளிந்த கல் வெளியே வந்தது. மாமியார் உள்ளே இருந்து வரவேயில்லை. எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் அன்றைக்கு அடங்கவுமில்லை.

மறுநாள் விடியற்காலையில் மாவுக் கிண்ணத்தோடு மாமியார் படியில் நின்றார். கல்லைப் பார்த்தார். உள்ளே வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த மாமனாரைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. கிண்ணத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விடிந்தும் விடியாமலும் எதிர்வீட்டு மாமி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். வெறும் வாசலைப் பார்த்தவுடனேயே முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலை இறக்கி, "மாமாவா?" என்றார். "எப்போ? ராத்திரியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் கல்லில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. பாதையின் நட்டநடுவில், ஒவ்வொரு கல்லாக மிதித்து, மாமனார் வந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கோ மாமி" என்றார். "கோவிலுக்கு நாழியாறது."