கேட்காத கேள்விக்கு ஒரு மறுப்பு

வெங்காயத்தின் காரமும் மலிவான வண்ண மையின் நெடியும் ஒன்றாய்க் கலந்த ஒரு மணம் உண்டு. வலிகாமத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில், பிடுங்கிக் காயவைத்த சின்ன வெங்காயத்தைக் குவித்துவிட்டு, எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையின் பெண்கள் எல்லோரும் சுற்றியிருந்து தாளையும் வேரையும் நறுக்கிக்கொண்டிருக்க, நடுவில் முன்வீட்டு வதனி அக்கா இந்தியாவிலிருந்து வரும் சினிமா வார இதழை மடியில் விரித்து உரத்து வாசிப்பார். சனிக்கிழமைப் பின்னேரங்களின் மணம் அதுதான்.

நாங்கள் அதை இதழ் என்று சொல்வதில்லை, ‘புத்தகம்’ என்றுதான் சொல்வோம். போரால் மூடியிருந்த பாதை திறந்த பிறகு சுன்னாகத்துக் கடையொன்றில் அது தொங்கத் தொடங்கியது. எங்கள் கைக்கு வரும்போது செய்தி ஆறிப் பழையதாகியிருக்கும். கலியாணம் செய்யப்போவதாகப் போட்டிருந்த சோடி அதற்கிடையில் பிரிந்தும் போயிருக்கும். நடுப்பக்கத்துப் பெரிய படத்தைக் கடைக்காரரே உருவி யாரோ வேண்டியவருக்குக் கொடுத்திருப்பார். அதனால் யாருக்கும் குறையில்லை. எங்கள் ஒழுங்கையில் அப்போது வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்விகள் நிறைய இருந்தன. யாருடைய மகன் எங்கே, எந்த வீட்டுக்கு யார் வந்து போனது, ஏன் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்றெல்லாம் கதைக்க எல்லோருக்கும் பயம். நடிகைமாரைப் பற்றிக் கதைக்க என்ன பயம்? அவர்களின் காதல், கோபம், கடன், மூக்கைச் சரிசெய்த சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் எங்கள் பெண்கள் சொந்தச் சகோதரியின் விசயம்போல எடுத்துவைத்து அலசினார்கள். வாரம் முழுக்க இறுகியிருந்த முகங்கள் அந்த இரண்டு மணித்தியாலம் இளகியிருக்கும். புத்தகத்தைக் குறைசொல்கிறவர்கள் அந்த முகங்களைப் பார்க்காதவர்கள் என்றுதான் நான் இப்போதும் சொல்வேன்.

ஆனால் குறை இல்லாமலா? அதில் ஒரு செய்திக்கும் சொன்னவர் பெயர் இருக்காது. ‘நெருங்கிய வட்டாரம்’ என்று போட்டிருக்கும். ‘ஆரடி உந்த நெருங்கிய வட்டாரம், ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்’ என்று அம்மா பகிடி விடுவார். போன வாரம் போட்டது பொய்யென்று தெரிந்தால் இந்த வாரம் அதைப் பற்றி மூச்சும் இருக்காது. சிலவேளை மட்டும் நடிகையே மறுத்ததாக மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும்: நட்பு மட்டும்தான், வேறொன்றும் இல்லை. வதனி அக்கா அதை வாசித்ததும் முற்றம் கொல்லென்று சிரிக்கும். ‘இல்லையெண்டு சொல்லுறாளெண்டா ஓமெண்டுதான்’ என்று தீர்ப்புச் சொல்வது அம்மா. அந்த விசயத்தில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வெங்காயப் போகத்தில் வதனி அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் ராசம் மாமி ஊருக்கெல்லாம் மா இடித்துக் கொடுத்து வளர்த்தவர். மாப்பிள்ளை தென்மராட்சிப் பக்கத்தில் ஆசிரியர். சாதகம் பொருந்திவிட்டது. கோயிலில் வைத்துப் பொம்பிளை பார்த்தார்கள். தற்செயலாகச் சந்திப்பதுபோல இரண்டு பகுதியும் நடித்து முடித்தார்கள். அன்றைக்கு வதனி அக்கா எங்கள் குசினிக்குள் வந்து, சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் காதோடு, ‘மாமி, எனக்குப் பிடிச்சிருக்கு. கண்ணைப் பார்த்துக் கதைக்கிறார்’ என்று சொன்னது எனக்கும் கேட்டது. அம்மா அவரின் கன்னத்தைக் கிள்ளினார். அந்தக் கலியாணம் நடக்கவேண்டும் என்று வதனி அக்காவுக்கு அடுத்தபடியாக ஆசைப்பட்டவர் என் அம்மாதான். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் சாதகம் பொருந்தினாலும் அதோடு விடமாட்டார்கள். மாப்பிள்ளை பகுதி அயலில் வந்து ‘விசாரிக்கும்’. நேரே வந்து பிள்ளை எப்படி என்று கேட்பது மரியாதையில்லை; ஏதாவது ஒரு சாட்டு வேண்டும். விசாரிக்க வந்தவர்கள் என்று வீட்டுக்காரருக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்று வந்தவர்களுக்கும் தெரியும். எங்கள் வாசல் படலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர்கள் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும்.

‘இஞ்சாலை ஒரு காணி விக்கக் கிடக்கெண்டு கேள்விப்பட்டனாங்கள்’ என்றார் பெரியப்பா.

‘இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்’ என்றார் அம்மா. குரலே மாறிப் போயிருந்தது. நான் பலகாரத் தட்டோடு பக்கத்தில் நின்றேன். அம்மா தேநீரைச் சாசரிலும் சிந்த ஊற்றி நீட்டினார்.

மழை, வெங்காய விலை எல்லாம் கதைத்து முடிந்த பிறகு பெரியம்மா மெல்லக் கேட்டார். ‘முன்வீட்டிலை ஆர் இருக்கினம்?’

‘ராசமக்காவும் மோளும். தங்கமான பிள்ளை.’

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியம்மாவின் முகம் மலர்ந்தே இருந்தது. தட்டில் இருந்து ஒரு பயத்தம்பணியாரத்தையும் எடுத்துக் கடித்துவிட்டார். ஆனால் அம்மாவுக்கு அது போதவில்லை. யாராவது எதையாவது சொல்லியிருப்பார்களோ என்ற பயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

‘ஏதும் உங்கடை காதிலை விழுந்திருந்தா நம்பாதேங்கோ. உந்தக் கொம்பியூட்டர் வகுப்புப் பெடியனோடை ஒண்டும் இல்லை. அண்டைக்கு நல்ல மழை, பஸ்ஸும் இல்லை, சந்திமட்டும் ஏத்திக்கொண்டு வந்து விட்டவன். அவ்வளவுதான். சும்மா பழக்கம்.’

‘நாங்கள் ஒண்டும் கேள்விப்படேல்லையே’ என்றார் பெரியம்மா.

‘அதுதான் சொல்லுறன், கேள்விப்பட ஒண்டும் இல்லை.’

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கடித்த பணியாரத்தைச் சாசர் ஓரத்தில் வைத்தார். காணியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமலே எழும்பிவிட்டார்கள்.

அப்பா தோட்டத்தால் வந்ததும் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அப்பா கேட்டது ஒன்றுதான். ‘பெடியனைப் பற்றி அவை கேட்டவையோ?’

‘கேக்கேல்லை.’

அப்பா கால் கழுவ எடுத்த வாளியைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டுத் திரும்பவும் தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா உள்ளே போய் அடுப்பை மூட்டி, உலை வைக்க மறந்து, வெறும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வேலிப்பக்கம் போவார். வதனி அக்காவோ சந்தோசத்தில் மிதந்தார். ‘மாமி, வந்தவையாமே, என்ன கேட்டவை?’ என்று படலையில் நின்று கூப்பிட்டுக் கேட்டார். ‘நல்லாத்தான் சொன்னனான் பிள்ளை’ என்றார் அம்மா. வதனி அக்கா சிரித்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஏலாமல் நான் உள்ளே ஓடிவிட்டேன்.

கடைசியில் தரகர் வந்தார். சாதகம் பொருந்தவில்லையாம். பொருந்திவிட்டது என்று சொன்ன அதே சாதகம். எங்கள் ஊரில் வேண்டாம் என்று சொல்லுகிற மரியாதை அப்படி. ராசம் மாமி விடவில்லை, தரகரை மறித்துக் கேட்க, அவர் வாய்தவறி உள்ளதைச் சொல்லிவிட்டார். ‘முன்வீட்டுக்காரியே இல்லை இல்லையெண்டு இவ்வளவு சொல்லுறா எண்டா ஏதோ இருக்கத்தானே வேணும் எண்டு மாப்பிள்ளையின்ரை பெரியம்மா சொல்லிப்போட்டா.’

அம்மா அன்றைக்கே சேலையை மாற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போக வெளிக்கிட்டார். அப்பா படலையை மறித்து நின்றார். ‘போய் என்ன சொல்லப் போறாய்? இன்னொருக்கா இல்லையெண்டோ?’ அம்மா சேலையோடு முற்றத்தில் இருந்து அழுதார்.

அந்தச் சனிக்கிழமை வதனி அக்கா வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். வழக்கம்போல நடுவில் இருந்து புத்தகத்தை விரித்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வெங்காயம் நறுக்கினார்கள். பக்கம் பக்கமாக ஒரே குரலில் வாசித்துக்கொண்டு போனவர் ஒரு மூலைப் பெட்டிக்கு வந்ததும் நின்றார். அந்த நடிகருக்கும் தனக்கும் இடையில் நட்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று யாரோ ஒரு நடிகை சொல்லியிருந்தாள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

‘மாமி, இதை நீங்கள் நம்புறியளோ?’

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். வேறு யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்று நான் தவித்தேன். அம்மா பொய் சொல்லவில்லை.

‘இல்லைப் பிள்ளை.’

‘அவையளும் நம்பேல்லை, மாமி’ என்றார் வதனி அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அம்மா எழும்பி அவரின் காலிலும் விழுந்திருப்பார். மிச்சப் பக்கங்களையும் கடைசிவரை வாசித்து, புத்தகத்தை மடித்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வாசிக்க வரவில்லை.

பின்னர் அவருக்கு வவுனியாவில் வேலை கிடைத்தது. அங்கேயே தானாக ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டார். விசாரிக்க யாரும் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. ராசம் மாமி வீடு வீடாகப் போய்க் கலியாணத்துக்குச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. அம்மா அன்று முழுக்கப் படலையைத் திறந்தே வைத்திருந்தார்.

இப்போது அந்தக் கடையும் இல்லை, புத்தகமும் வருவதில்லை. எங்கள் வெங்காயத் தோட்டத் தறையில் யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். நடிகைமாரைப் பற்றிய புதினச் செய்தி எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் நிமிடத்துக்கு நிமிடம் வந்து விழுகிறது. மறுப்பும் அதே நிமிடத்தில் வருகிறது. அதற்குக் கீழே ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள். கூடியிருந்து சிரிக்க முற்றம்தான் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் புதினம் வாசிப்பதில்லை. பேரப்பிள்ளைகள் எப்போதாவது அதைக் கைத்தொலைபேசியில் போட்டாலும் அம்மா எழும்பிப் போய்விடுவார்.

போன மாதம் கோயில் திருவிழாவுக்கு வதனி அக்கா பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தார். மதிலுக்கு மேலால் அம்மா, ‘சுகமோ பிள்ளை?’ என்று கேட்டார். ‘ஓம் மாமி, சுகம்’ என்றுவிட்டு அவர் உள்ளே போனார். அம்மா வந்து கதிரையில் இருந்தார்.

‘மெலிஞ்சுபோனாள் பிள்ளை’ என்றார். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘நான் சொன்னனெண்டு ஆரிட்டையும் சொல்லிப்போடாதை.’