நாற்பத்தோரு அத்தியாயமும் இரண்டு பக்கமும்

போன வருடம் சித்திரை மாதம், மரக்காணத்தில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது. ஆட்கள் வந்துபோகும் இடைவெளியில் நான்கு வருடமாக உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்திருந்தேன். நாற்பத்தோரு அத்தியாயம். வீட்டில்கூடச் சொல்லவில்லை. சிரிப்பார்களோ என்று பயம்.

சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். முதலில் கதைச்சுருக்கம் அனுப்புங்கள், இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும், முடிவையும் சொல்லிவிடுங்கள், பிடித்திருந்தால் முழு நாவலையும் கேட்கிறோம் என்று பதில் வந்தது. ஏற்கெனவே இரண்டு இடங்களில் பதிலே வராததால், இதைத்தான் மலைபோல நம்பியிருந்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தியாயத்துக்கு ஒரு பத்தி வீதம் எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது. தொழில் புத்தி விடுமா? பட்டாவானாலும் சான்றிதழானாலும் பர்ஸில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக்கித் தருகிறவள் ஆயிற்றே! எழுத்தைப் பொடியாக்கி, ஓரங்களைக் குறுக்கி, எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் அடைத்துவிட்டேன். முடிவை மட்டும் எழுதாமல், ‘மீதியை நாவலில் காண்க’ என்று போட்டேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.

அனுப்ப வேண்டிய கடைசி நாள், காலையில் அதை பிரிண்ட் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெண், கரண்ட் வரட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். உப்பளத்தில் வேலை செய்பவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள்.

“என்னாக்கா இது, எறும்பு ஊர்ற மாதிரி?”

“நான் எழுதின கதைம்மா.” முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. வாயால சொல்லுக்கா, கேப்போம்.”

சொன்னேன். அப்பா விட்டுப்போன நிலத்தை, தங்கையிடம் ஏமாற்றிக் கைநாட்டு வாங்கி ரிசார்ட்டுக்கு விற்றுவிடுகிறான் ஓர் அண்ணன். அவள் உப்பளத்தில் கூலிக்குப் போகிறாள். ஒன்பது வருடம் பேச்சில்லை. ஒருநாள் மகள் கல்யாணப் பத்திரிகையோடு அண்ணன் அவள் வாசலில் வந்து நிற்கிறான். நான் எழுதியிருந்த இரண்டு புயலும், பக்கத்து வீட்டுக்காரர்களும், உப்பளத்தின் நூறு வருடக் கதையும் எங்கே போயினவோ, சொல்லும்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

“அப்புறம்? கல்யாணத்துக்குப் போனாளா, இல்லியா?”

“புக்கு வந்ததும் நீயே...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். “கடைசில அவ கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறா.”

சிரித்துவிட்டாள். “கடல நான்கூடத்தான் தெனமும் பாக்கறேன். போனாளா இல்லியா, அதச் சொல்லு.”

கோபம் வந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது. போனாளா என்று எனக்கே தெரியாது. நான்கு வருடம் எழுதியும் ஒரு முடிவெடுக்கப் பயந்து, அவளைக் கடற்கரையில் நிறுத்திவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

“நீ என்ன நெனைக்கிற?” என்று கேட்டேன்.

“போவா. பொண்ணு தலையில அட்சத போடுவா. சாப்டாம வந்துருவா.”

கரண்ட் வந்தது. ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவளிடம் எப்படிச் சொன்னேனோ அப்படியே உட்கார்ந்து எழுதினேன். கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அதிலேயே முடிவும் இருந்தது. மாலைக்குள் அனுப்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் முழு நாவலையும் கேட்டுப் பதில் வந்தது. அதற்குள் கடைசி அத்தியாயத்தையும் திருத்தி எழுதியிருந்தேன். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பதில் வந்த சந்தோஷம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாளே! யார் வீட்டுக் கல்யாணத்திலிருந்து அப்படிச் சாப்பிடாமல் திரும்பி வந்தாளோ? இப்போதும் கடைக்கு வருகிறாள், “புக்கு வந்துச்சாக்கா?” என்று கேட்கிறாள். நான்தான் இன்னும் கேட்கவில்லை. என் கதையைச் சுருக்க நான் பட்ட பாட்டை நினைக்கும்போதெல்லாம், தன் கதையை ஒரே வரியில் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிய அவள் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.