ஏழு போத்தல் பனி

லண்டனில் பனி கொட்டினால் பஸ் இல்லை, ரயில் இல்லை என்று ஊரே திட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படிக் கொட்டியபோது நான் மட்டும் துள்ளிக் குதித்தேன். ஆய்வுகூடத்தில் எனக்கு அப்போது ஆறுமாத வேலை. பனியில் படிந்திருப்பதை அளந்து, நகரத்தின் புகை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஈயம் இருந்தால் வாகனப் புகை, வனேடியம் இருந்தால் எண்ணெய் எரிக்கும் கொதிகலன், பொட்டாசியம் இருந்தால் விறகு எரிந்த சாம்பல். முடிவு சரியாக வந்தால் வேலை நீளும், இல்லையென்றால் வீட்டுக்குத்தான்.

"முக்கியமான நாள், நில்லுங்கோ" என்று மனைவி நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டாள். அழிந்துவிடும் என்று நான் தொப்பியும் போடவில்லை. கையுறை, பிளாஸ்டிக் கரண்டி, அமிலத்தில் கழுவிய போத்தல்கள். தெற்கு லண்டனில் லூயிஷாமில் தொடங்கி மிச்சம் என்ற ஊர் வரை ஏழு இடங்களில் குனிந்து அள்ளினேன். ஒரு தூசு உள்ளே போக விடுவேனா?

அளந்தபோது பொட்டாசியம் எக்கச்சக்கம். லூயிஷாமில் மிக அதிகம், மிச்சத்தை நெருங்க நெருங்கக் குறைவு. "லூயிஷாம் பக்கம் யாரோ விறகு எரிக்கிறார்கள்!" என்று எங்கள் ஆங்கிலேயப் பேராசிரியை குதூகலித்தார். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்து, சப்பாத்துக் கட்டக் குனிந்தேன். கறுப்புச் சப்பாத்தில் வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. விபூதியும் சாம்பல்தானே, குனிந்து அள்ளியபோது போத்தலுக்குள்ளும் இப்படித்தான் உதிர்ந்திருக்கும். லூயிஷாமில் நெற்றி நிறைய இருந்தது, மிச்சம் போய்ச்சேரும்போது பாதிகூட இருந்திராது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்துவிட்டது. திரும்ப அள்ளலாமென்றால் பனியும் கரைந்துவிட்டது.

வீட்டில் சொன்னதும் மனைவியின் முகம் வாடிப்போனது. "நான்தானே பூசினது. நான் வந்து சொல்லட்டோ?"

"வேண்டாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே ஏச்சு வாங்குறன்."

திங்கட்கிழமை சொன்னேன். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி என் நெற்றியையே பார்த்தார். பிறகு, "அதில் கொஞ்சம் கொண்டு வா" என்றார். விபூதியையும் அளந்தோம். பொட்டாசியம் அதனுடையதுதான். ஈயத்துக்கும் வனேடியத்துக்கும் அதனால் பங்கமில்லை. அறிக்கையில், புகை வந்த இடங்களின் பட்டியலுக்குக் கீழே 'மாதிரி எடுத்தவரின் நெற்றி' என்று அவரே சிரித்துக்கொண்டு எழுதினார். வேலையும் நீண்டது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த முறை பனி விழுந்த காலையில், மனைவி விபூதியை எடுத்த கையோடு கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் சட்டையைத் திறந்து நெஞ்சில் பூசினாள்.

"இனி கழுத்துவரைக்கும் பொத்தானைப் பூட்டுங்கோ. தொப்பியையும் போடுங்கோ."