மெஹராஜ் பேகம் வைத்த பிரஞ்ச்

கூத்தாநல்லூர் மெஹராஜ் பேகத்துக்கு டென்னிஸ் பைத்தியம் பிடித்தது ஐம்பதைத் தாண்டிய பிறகுதான். மற்றவர்களுக்கு அந்த வயதில் மூட்டுவலி வரும், சர்க்கரை வரும். இவளுக்கு டென்னிஸ் வந்தது. லண்டனில் மளிகைக் கடை வைத்திருந்த மகன், அத்தா மவுத்தான பிறகு உம்மா தனியாக உட்கார்ந்து அழ வேண்டாமென்று கொஞ்ச காலம் கூட்டிப்போய் வைத்திருந்தான். அங்கே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா ஒருநாள் இவளை அழைத்து, வெள்ளரிக்காய் வைத்த ரொட்டியும் தேநீரும் கொடுத்து, டிவியில் விம்பிள்டன் பார்க்க வைத்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்ததில், கணவர் போன துக்கத்தை முதல்முறையாகக் கொஞ்ச நேரம் மறந்திருந்தாள்.

ஊர் திரும்பிய மறு வருஷம் நம் வீட்டிலும் அப்படி ஒரு பிரஞ்ச் வைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பிரஞ்ச் என்றால் காலைப் பசியாறலையும் பகல் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து நடுவில் ஒரே தடவையாகச் சாப்பிடுவது. லண்டனில் பகலில் ஆடுகிற ஆட்டம் நமக்குப் பொழுது சாய்ந்து மஃரிப் நேரத்தில்தானே தெரியும், அந்த நேரத்தில் வைப்பது எப்படிப் பிரஞ்ச் ஆகும் என்று மகள் நஃபீசா கேட்டாள். லண்டன்காரர்கள் வைத்த பெயரை மாற்ற நாம் யார் என்று பேகம் அவள் வாயை அடைத்துவிட்டாள்.

உண்மையில் டென்னிஸ் ஒரு சாக்கு. நாகம்மாள் மறுபடியும் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க வேண்டும், அதுதான் பேகத்துக்கு வேண்டியது.

நாகம்மாளின் புருஷன் வீரையன், பேகம் வீட்டு நிலத்தைத் தகப்பன் காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்கிறவன். பெண்கள் இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது கருகுகிற வாடை வந்துதான் எழுந்திருப்பார்கள். குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீசில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. வீரையன் போய்ப் பதிந்தான். பிடித்தது சனியன். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் நம் நிலத்தின் மேலேயே கண் என்று பேகத்தின் கணவர் அப்துல் ஹமீது பொரிந்து தள்ளி, வீரையனை வெளியேற்றக் கேஸ் போட்டார். சம்மன் வந்த அன்று நாகம்மாள் கொல்லை வாசலில் வந்து நின்று, இனிமேல் இந்த வீட்டில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

கேஸ் போட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கேஸ் மட்டும் பேகத்தின் பெயரில் உயிரோடு இருந்தது. அதை வாபஸ் வாங்கும்படி வக்கீலிடம் சொல்லியாயிற்று. நாகம்மாளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. வீடு தேடிப் போய் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த அவமானத்தைத் தாங்க முடியாது. நாலு பேரோடு சேர்த்துக் கூப்பிட்டு, டிவி ஓடுகிற சத்தத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

நஃபீசா வயலுக்கே போய், உம்மா சனிக்கிழமை பிரஞ்ச்சுக்கு வரச் சொன்னாங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நேரம். நாகம்மாள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டாளாம்.

வினை வந்தது ரொட்டியில். பிரஞ்ச் பார்ட்டி வைக்கிறேன், ஓரம் வெட்டின ரொட்டி வேண்டும் என்று பேகம் பேக்கரி பக்கிரியிடம் சொல்லியனுப்பியிருந்தாள். அந்தச் சீமையில் பிரஞ்சு என்று காதில் விழுந்தால் எல்லார் கண்ணும் காரைக்கால் பக்கம்தான் திரும்பும். பிரஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் அங்கே பிரஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். வசதி வந்ததும் இந்தப் பக்கம் நிலம் தேடுகிறவர்களும் இருந்தார்கள். பக்கிரி டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டான். டீக்கடை அதற்குக் கண், காது, மூக்கு வைத்தது. பேகம் நிலத்தைக் காரைக்கால் பிரஞ்சுக்காரருக்கு விற்கிறாள், சனிக்கிழமை அவருக்குத்தான் விருந்து என்று ஊர் முழுக்கப் பேச்சு. பேகத்தின் காதுக்கு மட்டும் அது வரவில்லை.

அவளுக்கு அடுக்களையில் ஆயிரம் வேலை. லண்டனில் ஏதோ சிவப்புப் பழத்தைப் பாலாடையில் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு இங்கே எங்கே போவது? நாவல்பழம்தான் கிடைத்தது, பாலாடை கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. வெள்ளைக்காரம்மா சொல்லிக்கொடுத்த பன் கல்லாகி ஆட்டுக்குப் போனது, ஆடும் முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது. விம்பிள்டனில் எல்லாரும் வெள்ளைதான் உடுத்துவார்கள், நீங்களும் அப்படியே வாங்க என்று சொன்னதற்கு, யார் வீட்டில் மவுத்து என்று கேட்டாள் எதிர்வீட்டு ஜன்னத் பீவி. அதோடு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

சனிக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டுத் தெருப் பெண்கள் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். வெள்ளரிக்காய் ரொட்டியைக் கடித்துவிட்டு, இதற்கு மேலே ஒரு சால்னா இருந்தால் நன்றாயிருக்கும் என்றாள் ஜன்னத் பீவி. பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பேகம் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. அவள் கண் கொல்லை வாசலிலேயே இருந்தது. வரமாட்டாள், இனி வரவே மாட்டாள் என்று தோன்றியது.

அப்போதுதான் நாகம்மாள் வந்தாள். முழங்கால்வரை சேறு. புடவையைக்கூட இறக்கிவிடவில்லை.

"எங்கே அந்தப் பிரஞ்சுக்காரன்?" என்றாள்.

பேகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பிரஞ்சுக்காரன்க்கா?"

"நட்ட கை இன்னும் காயலை. விக்கிறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வித்திருக்கக் கூடாதா மெஹராசு? அந்த விருந்துக்கு என்னையும் வேற கூப்பிட்டு விடுறியே."

நஃபீசாதான் முதலில் புரிந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். பிரஞ்ச் வேறு, பிரஞ்சு வேறு என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் மற்ற பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாகம்மாள் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த ரொட்டியையும் கத்தரிப்பூ நிறப் பாலாடையையும் சந்தேகத்தோடு பார்த்தாள். பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம் என்ற நினைப்பெல்லாம் பேகத்துக்குப் பறந்துபோனது. எழுந்து அவள் எதிரில் போய் நின்றாள்.

"நிலத்தை யாருக்கும் விக்கலைக்கா. கேஸை வாபஸ் வாங்கச் சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க இல்லாம இந்தக் கொல்லைப்பக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை."

நாகம்மாள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். டிவியைப் பார்த்தாள். இது என்ன இடம் என்று நஃபீசாவிடம் கேட்டாள். டென்னிஸ் கோர்ட் என்றாள் நஃபீசா. இங்கேயும் கோர்ட்டா என்று நாகம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டதும், அவள் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பேகம் கோப்பையில் தேநீர் ஊற்றி நீட்டினாள். நாகம்மாள் கையால் தள்ளினாள். பேகத்தின் முகம் விழுந்துவிட்டது. கொல்லை வாசலில் நின்று சொன்ன வார்த்தை இரண்டு பேருக்குமே மறக்கவில்லை.

"இந்தச் சாயத் தண்ணியெல்லாம் எனக்கு வேணாம் மெஹராசு," என்றாள் நாகம்மாள். "ஒரு செம்பு பச்சைத் தண்ணி கொண்டா."

பேகம் அடுக்களைக்கு ஓடினாள். அந்த வருஷம் விம்பிள்டனில் யார் ஜெயித்தது என்று கேட்டால் அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.